உலைக்குத் தப்பிய டாலர்கள்

நாணயம் சேகரிக்கிறதைப் பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "வெஸ்டர்ன் படங்கள்ல சீட்டாட்ட மேஜை மேல பெரிய பெரிய வெள்ளிக் காசா வீசுவாங்களே, அந்த மாதிரி ஒரு டாலர் வாங்கணும்னா எந்த வருஷத்தை வாங்கறது?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்னப் புதிர். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துல கார்சன் சிட்டின்னு ஒரு ஊர். அங்கே இருந்த மிண்ட்ல, அதாவது நாணயச்சாலையில, 1885-ல் 2,28,000 வெள்ளி டாலர் அடிச்சாங்க. 1889-ல் அதே இடத்துல 3,50,000 அடிச்சாங்க. இரண்டும் ஒரே டிசைன், ஒரே எடை. இதுல எது இன்னிக்கு அரிது?

குறைவா அடிச்சதுதானே அரிதா இருக்கணும்? ஆனா நிலைமை தலைகீழ். புழக்கத்துக்குப் போகாத 1885 காசு ஒண்ணு சுமாரான தரத்துல சில நூறு டாலருக்குக் கிடைக்கும். அதே மாதிரி புழங்காத 1889 காசுக்குப் பல்லாயிரம் டாலர் எண்ணி வைக்கணும்.

ஏன் இப்படின்னு தேடிப் போனா, அந்தத் தேடல் நெவாடா சுரங்கத்துல ஆரம்பிச்சு, வாஷிங்டன் அரசியல் வழியா, நேரா 1918-ல் நம்ம ஊர் ரூபாயில வந்து முட்டுது. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

நீலச் சேறு

1859. அப்போ நெவாடா தனி மாநிலம் கூட இல்லை. வாஷோ, பையூட் பழங்குடி மக்கள் வாழ்ந்த வறண்ட மலைப்பகுதி. கலிஃபோர்னியாவுல தங்கம் தேடி அலுத்துப் போனவங்க சிலர் அங்கே மண்ணை அரிச்சுக்கிட்டிருந்தாங்க. கொஞ்சம் தங்கம் கிடைச்சது. ஆனா கூடவே ஒரு நீலக் கருப்புச் சேறு வந்து அரிக்கிற பெட்டியை அடைச்சுக்கிட்டே இருந்தது. திட்டிக்கிட்டே அள்ளிக் கொட்டினாங்க. யாரோ அதுல கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினப்போதான் தெரிஞ்சது, அந்தச் சேறு முழுக்க வெள்ளித் தாது.

இதுதான் காம்ஸ்டாக் லோட். அமெரிக்காவின் முதல் பெரிய வெள்ளிச் சுரங்கம். ஹென்றி காம்ஸ்டாக்னு ஒருத்தர் பேரை அதுக்கு வச்சாங்க. அவரோ தன் பங்கைச் சொற்ப விலைக்கு வித்துட்டு, கடைசியில கையில காசில்லாம 1870-ல் தற்கொலை பண்ணிக்கிட்டார். வெள்ளி இருந்த இடத்துல வர்ஜீனியா சிட்டி முளைச்சது. தாஹோ ஏரியைச் சுத்தியிருந்த பைன் காடுகளை வெட்டிச் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுத்தாங்க.

வெள்ளியை வெட்டி எடுத்த இடத்துக்குப் பக்கத்துலயே காசடிச்சா என்ன? அப்படித்தான் கார்சன் சிட்டி மிண்ட் வந்தது. ஊர்ச் சிறைச்சாலையின் கல் குவாரியிலிருந்து மணற்கல் கொண்டுவந்து கட்டினாங்க. 1870-ல் முதல் காசு அடிச்சாங்க. அமெரிக்கக் காசுகள்ல எந்த மிண்ட்ல அடிச்சதுன்னு காட்ட ஒரு சின்ன எழுத்து இருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோன்னா 'எஸ்'. நியூ ஆர்லியன்ஸ்னா 'ஓ'. ஃபிலடெல்ஃபியா தலைமை மிண்ட், அதனால அந்தக் காலத்து டாலர்ல அதுக்கு எழுத்தே கிடையாது. இரண்டு எழுத்து வச்சது கார்சன் சிட்டி மட்டும்தான். 'சிசி'. சேகரிக்கிறவங்க அந்த இரண்டு எழுத்துக்காக உயிரை விடுவாங்க.

யாரும் கேட்காத காசு

இப்போ கொஞ்சம் அரசியல். போரடிக்காது, நம்புங்க.

1873-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு நாணயச் சட்டம் போட்டது. அதுல சாதாரண வெள்ளி டாலரே பட்டியல்ல இருந்து காணாமப் போச்சு. சீனாவோட வியாபாரம் பண்ண மட்டும் 'டிரேட் டாலர்'னு கொஞ்சம் கனமான ஒரு காசு வச்சாங்க. அதே சமயத்துல ஜெர்மனி தங்கத்துக்கு மாறிடுச்சு, நெவாடாவிலிருந்து வெள்ளி கொட்டுது. வெள்ளி விலை இறங்க ஆரம்பிச்சது.

கடன் வாங்கின விவசாயிகளுக்கு இது பெரிய அடி. பணப்புழக்கம் இறுகினா விளைச்சலோட விலை இறங்கும், கடன் மட்டும் அப்படியே நிற்கும். சுரங்க முதலாளிகளுக்கோ சரக்கை வாங்க ஆளில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து 1873 சட்டத்துக்கு 'எழுபத்து மூணின் குற்றம்'னே பேர் வச்சாங்க.

இந்த அழுத்தத்துல வந்ததுதான் 1878-ன் பிளாண்ட்-அலிசன் சட்டம். ஜனாதிபதி ஹேய்ஸ் வீட்டோ போட்டார். காங்கிரஸ் அதையும் மீறி நிறைவேற்றுச்சு. சட்டம் என்ன சொல்லுது? அரசாங்கம் மாசாமாசம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளி வாங்கணும். வாங்கி, அதை டாலர் காசா அடிக்கணும். மக்களுக்குத் தேவை இருக்கா இல்லையான்னு கேள்வியே கிடையாது.

டிசைன் பண்ணவர் ஜார்ஜ் மோர்கன், இங்கிலாந்திலிருந்து வந்த செதுக்குநர். முன்பக்கத்துல இருக்கிற சுதந்திர தேவியின் முகத்துக்கு மாடலா உட்கார்ந்தவங்க ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆசிரியை, ஆனா வில்லெஸ் வில்லியம்ஸ். பின்பக்கம் சிறகு விரிச்ச கழுகு. 26.73 கிராம் எடை, 38.1 மில்லிமீட்டர் அகலம், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. இதுதான் மோர்கன் டாலர்.

அடிச்சு அடிச்சுக் குவிச்சாங்க. 1878 முதல் 1904 வரை, அப்புறம் 1921-ல் ஒரு வருஷம். மொத்தம் சுமார் 65 கோடி காசுகள்.

வெஸ்டர்ன் படங்கள்ல காட்டுற மாதிரி மேற்கு மாநிலங்கள்ல இது நிஜமாவே புழங்கியது. அங்கே காகிதப் பணத்தை நம்ப மாட்டாங்க. ஆனா கிழக்கே நியூயார்க், பாஸ்டன் பக்கம் யாருக்கும் இந்தக் கனத்தைச் சுமக்க இஷ்டமில்லை. அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னா, காசைப் பெட்டகத்துல வச்சுக்கிட்டு 'வெள்ளிச் சான்றிதழ்'னு காகிதத்தைக் கொடுத்துச்சு. கேட்டா வெள்ளி தரோம்னு ஒரு வாக்குறுதி. காகிதம் ஊரெல்லாம் சுத்த, காசு ஆயிரம் ஆயிரமா துணிப்பையில கட்டி இருட்டுல உட்கார்ந்திருந்தது. சுரங்கத்துல பாறைக்குள்ள இருந்த வெள்ளியைத் தோண்டி எடுத்து, காசா அடிச்சு, மறுபடியும் இன்னொரு பாதாள அறைக்குள்ள வச்சாங்க. அவ்வளவுதான் நடந்தது.

இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. கோடிக்கணக்கான காசு, யாரும் கை வைக்காம, மூட்டை மூட்டையா. புதிரோட விடை இங்கேதான் ஒளிஞ்சிருக்கு.

பம்பாயில் ஒரு நெருக்கடி

இப்போ முதல் உலகப் போருக்கு வருவோம். கடல் தாண்டி இந்தியாவுக்கு.

அன்னிக்கு ரூபாய்னா வெள்ளி ரூபாய். 11.66 கிராம் எடை, பன்னிரண்டுல பதினொரு பங்கு வெள்ளி. நோட்டும் உண்டு, ஆனா நோட்டுங்கிறது ஒரு வாக்குறுதி. கொண்டு போய்க் கொடுத்தா வெள்ளியை எண்ணித் தரணும்.

போர் வந்ததும் பிரிட்டன் இங்கேயிருந்து கோதுமை, சணல், தோல், துணின்னு எல்லாத்தையும் அள்ளியது. அதுக்கான பணம் லண்டன் கணக்குல ஏறியது. ஆனா இங்கே விவசாயிக்கும் வியாபாரிக்கும் சிப்பாய் குடும்பத்துக்கும் ரூபாய்தானே கொடுக்கணும்? ரூபாய்க்கு வெள்ளி வேணும். உலகத்துக்கே வெள்ளி கொடுத்துக்கிட்டிருந்த மெக்சிகோவுல உள்நாட்டுக் கலவரம், உற்பத்தி படுத்திருச்சு. சீனாவும் வெள்ளி வாங்குது. விலை ஏறிக்கிட்டே போச்சு.

இதுல ஒரு ஆபத்தான கோடு இருந்தது. ஒரு ரூபாயின் மாற்று மதிப்பு 16 பென்ஸ். லண்டன்ல ஒரு அவுன்ஸ் வெள்ளி 43 பென்ஸைத் தொட்டா, ரூபாய்க்குள்ள இருக்கிற உலோகமே 16 பென்ஸ் ஆகிடும். அதைத் தாண்டினா, ரூபாயைச் செலவு பண்றதைவிட உருக்குறதுதான் லாபம். 1917 ஆகஸ்ட்ல விலை அந்தக் கோட்டைத் தொட்டுச்சு, அதுக்கு மேலயும் போச்சு. ரூபாயை உருக்குறது சட்டவிரோதம்னு அரசாங்கம் அறிவிச்சுது. 1917 நவம்பர்ல ஒரு ரூபாய்க்கே நோட்டு அடிச்சுது. நம்ம நாட்டோட முதல் ஒரு ரூபாய் நோட்டு பிறந்த கதை இதுதான், வெள்ளித் தட்டுப்பாடு.

மக்கள் சும்மா இருப்பாங்களா? 1918 வசந்த காலத்துல ஜெர்மனி பெரிய தாக்குதல் தொடுத்த செய்தி வந்தது. பிரிட்டன் தோத்துட்டா இந்த நோட்டுக்கு யார் பொறுப்பு? பம்பாய் கரன்சி ஆபீஸ் முன்னாடி நோட்டைக் கையில வச்சுக்கிட்டுக் கூட்டம் கூடுச்சு. வெள்ளிக் கையிருப்பு சில கோடி ரூபாய்ங்கிற அளவுக்கு இறங்கியது. இத்தனை பெரிய நாட்டுக்கு அது ஒண்ணுமே இல்லை. வெள்ளி தீர்ந்துபோச்சுன்னு ஒரு நாள் கதவைச் சாத்தியிருந்தா, நோட்டு மேல இருந்த நம்பிக்கையோட போர் முயற்சியும் ஆடிப் போயிருக்கும்.

உலகத்துல அவ்வளவு வெள்ளி சும்மா கிடந்த இடம் எது? அமெரிக்கக் கஜானாவின் அந்தத் துணிப்பைகள்.

27 கோடி

1918 ஏப்ரல் 23. பிட்மன் சட்டம். கொண்டுவந்தவர் செனட்டர் கீ பிட்மன். எந்த மாநிலம்? நெவாடா! கஜானாவிலிருந்து 35 கோடி டாலர் வரைக்கும் உருக்கலாம், ஒரு அவுன்ஸ் ஒரு டாலர் விலைக்கு விற்கலாம். ஆனா கூடவே ஒரு நிபந்தனை. வித்த அளவுக்கு வெள்ளியை அமெரிக்கச் சுரங்கங்கள்கிட்டயே அவுன்ஸ் ஒரு டாலருக்குத் திரும்ப வாங்கி, மறுபடியும் டாலர் அடிக்கணும். நண்பனுக்கு உதவி, சொந்த ஊர் சுரங்கத்துக்கும் வேலை. சாமர்த்தியமான ஆள்.

உருக்கினது மொத்தம் 27,02,32,722 காசுகள். அதுல 25 கோடியே 91 லட்சம் காசுகளின் வெள்ளி பிரிட்டனுக்கு, அதாவது இந்தியாவுக்கு. சுமார் 20 கோடி அவுன்ஸ். மீதி, அமெரிக்காவோட சில்லறைக் காசுக்குப் போச்சு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மோர்கன் டாலர்ல சுத்த வெள்ளி 24.06 கிராம். ஒரு ரூபாய்ல 10.69 கிராம். ஒரு டாலரை உருக்கினா இரண்டே கால் ரூபாய். வந்த வெள்ளி மொத்தத்தையும் காசாக்கினா 58 கோடி ரூபாய்க்குப் பக்கத்துல வரும். கல்கத்தாவிலும் பம்பாயிலும் மிண்ட் அச்சுகள் ஓய்வில்லாம ஓடின. நெருக்கடி தணிஞ்சுது.

எங்க வீட்டு பீரோவுல ஆச்சி முடிஞ்சு வச்சிருந்த ஒரு சின்னத் துணி மூட்டை இருக்கு. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் கொஞ்சம், அதுல இரண்டு 1918. நான் மோர்கன் டாலரைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் அந்த வருஷத்தை உத்துப் பார்த்தேன். அதுல இருக்கிறது நெவாடா வெள்ளியான்னு யாராலும் சொல்ல முடியாது. வெள்ளிக்கு சீரியல் நம்பர் கிடையாது. ஆனா அந்த வருஷத்து ரூபாய்ல அமெரிக்க வெள்ளி கலந்திருக்குங்கிறது உறுதி. அதுக்கப்புறம் எத்தனை ரூபாய் கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறியிருக்குமோ. சுரங்கத் தொழிலாளி வெட்டினது ஒரு குழந்தையோட இடுப்புல வந்து முடிஞ்சிருக்கலாம்.

லாக் இல்லாத டெலீட்

இப்போ சேகரிப்புக்கு வருவோம். என் வேலை சாஃப்ட்வேர். டேட்டாபேஸ்ல இருந்து எதையாவது அழிச்சா, என்ன அழிச்சோம், எப்போ அழிச்சோம்னு ஒரு லாக் இருக்கணும்னு முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க. 1918-ல் உருக்கினவங்க மொத்த எண்ணிக்கையைக் கடைசி இலக்கம் வரைக்கும் எழுதி வச்சாங்க. ஆனா எந்த வருஷத்துக் காசு, எந்த மிண்ட் காசுன்னு எழுதல. அவங்களுக்கு அது வெறும் வெள்ளி.

அதனால என்ன ஆச்சு? மிண்ட் புத்தகத்துல இருக்கிற எண்ணிக்கை, காசு பிறந்த கணக்கு. எத்தனை பிழைச்சிருக்குங்கிறதுக்குக் கணக்கே இல்லை. 1895-ல் ஃபிலடெல்ஃபியாவுல புழக்கத்துக்குன்னு 12,000 டாலர் அடிச்சதா பதிவு இருக்கு. அதுல ஒண்ணுகூட உறுதியா வெளிய வந்ததில்லை. சேகரிக்கிறவங்களுக்காகத் தனியா பளபளப்பா அடிச்ச 880 காசு மட்டும்தான் தெரிஞ்ச 1895. அந்த 12,000 உருகிப் போச்சுன்னு சிலர் சொல்றாங்க, அடிக்கவே இல்லை, கணக்குப் பதிவுதான் அப்படின்னு சிலர் சொல்றாங்க. ரொம்ப நாளா வாதம் ஓடுது.

பிட்மன் சட்டம் சொன்னபடி 1921-ல் மறுபடியும் மோர்கன் டாலர் அடிச்சாங்க. பழைய மூல அச்சுகளை அழிச்சாச்சு, அதனால புதுசா செஞ்சாங்க. செஞ்சவர் அதே ஜார்ஜ் மோர்கன், அப்பவும் வேலையில இருந்தார்! அந்த ஒரே வருஷத்துல 8 கோடியே 67 லட்சம் காசு. இன்னிக்கு மலிவா கிடைக்கிற மோர்கன்னா 1921-தான். இந்தியாவுக்குப் போன வெள்ளியை ஈடு கட்டப் பிறந்த காசுன்னு தெரிஞ்சு வாங்கினா, அந்த 1921-க்கே ஒரு தனி மரியாதை வருது. என் மேஜையில இருக்கிற முதல் மோர்கனும் அதான்.

கதவு திறந்தபோது

உருக்கினது போக மீதி மூட்டைகள் அப்படியே தூங்கிச்சு. 1962 கடைசியில, கிறிஸ்துமஸ் தேவைக்காக ஃபிலடெல்ஃபியா பெட்டகத்தைத் திறந்து மூட்டைகளை வெளியே விட்டாங்க. அதுல நியூ ஆர்லியன்ஸ்ல அடிச்ச 1903 காசு மூட்டை மூட்டையா வந்தது. அதுவரைக்கும் அது மகா அரிதுன்னு நினைச்சு, புழங்காத காசுக்குப் புத்தகத்துல 1500 டாலர் விலை போட்டிருந்தாங்க. விலை ஒரே அடியா பாதாளத்துக்குப் போச்சு. எல்லாம் உருகிடுச்சுன்னு நினைச்சது, வேறொரு அறையில தூங்கிக்கிட்டிருந்திருக்கு.

விஷயம் பரவினதும் ஜனங்க சான்றிதழைக் கொண்டு வந்து வெள்ளி டாலரா வாங்க வரிசையில நின்னாங்க. 1964 மார்ச்ல அரசாங்கம் கொடுக்கிறதை நிறுத்துச்சு. மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்தா சுமார் 29 லட்சம் காசு. பெரும்பாலும் கார்சன் சிட்டி! 1972 முதல் 1980 வரை ஜெனரல் சர்வீசஸ் அட்மினிஸ்ட்ரேஷன்ங்கிற அரசுத் துறை அதைத் தபால் மூலமா ஏலம் விட்டு வித்துச்சு.

இப்போ புதிருக்கு விடை. அந்த மிச்சத்துல 1885-சிசி காசு 1,48,000-க்கு மேல இருந்தது. அடிச்சதுல பாதிக்கும் மேல, கை படாம. 1884-சிசி இன்னும் அதிகம், அடிச்ச 11,36,000-ல் 9,62,000-க்கு மேல அப்படியே இருந்தது. 1889-சிசி எத்தனை இருந்தது தெரியுமா?

ஒண்ணே ஒண்ணு.

1889 மூட்டைகள்ல கொஞ்சம் புழக்கத்துக்குப் போய்த் தேய்ஞ்சிருக்கு. மீதியில பெரும்பகுதி 1918-ல் உலைக்குப் போயிருக்கும்னுதான் பொதுவா கணிக்கிறாங்க. எந்த மூட்டை எந்த அறையில இருந்ததுங்கிற ஒரு தற்செயல், நூறு வருஷம் கழிச்சு விலையைத் தீர்மானிக்குது.

வாங்கப் போறீங்கன்னா

சுருக்கமா நாலு விஷயம்.

முதல்ல எடையும் அளவும். 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர். ஒரு டிஜிட்டல் தராசும் ஒரு காந்தமும் இருந்தா மலிவான போலிகள்ல பாதி அங்கேயே மாட்டிக்கும். வெள்ளி காந்தத்துல ஒட்டாது.

இரண்டாவது, மிண்ட் எழுத்து. பின்பக்கம் மாலையின் முடிச்சுக்குக் கீழே இருக்கும். சாதாரண ஃபிலடெல்ஃபியா காசுல 'சிசி'யோ 'எஸ்'ஸோ ஒட்டி விக்கிறது ரொம்பப் பழைய தந்திரம். 1889-சிசி, 1893-எஸ் மாதிரி விலை உயர்ந்த காசுன்னா, தரச்சான்று நிறுவனங்கள் பரிசோதிச்சு, சீல் வச்ச பெட்டியில இருந்தா மட்டும் யோசிங்க. 1893-எஸ் அடிச்சதே ஒரு லட்சம்தான்.

மூணாவது, தேய்க்காதீங்க! விபூதி, பற்பசை, புளி எதுவும் வேண்டாம். பூஜை பாத்திரம் மாதிரி மின்ன வச்சா, சேகரிக்கிறவங்க கண்ணுல மதிப்பு பாதியாகும். புழங்காத மோர்கனைச் சாய்ச்சுப் பார்த்தா ஒளி சக்கரம் மாதிரி சுழலும். அது அச்சு விழுந்தப்போ உலோகம் ஓடின தடம். ஒரு தடவை தேய்ச்சா போச்சு, திரும்ப வராது.

நாலாவது, முதலீடுன்னு நினைச்சு வாங்காதீங்க. 1903 நியூ ஆர்லியன்ஸ் காசை 1500 டாலர்னு நம்பினவங்களும் முதலீடுன்னுதான் நினைச்சிருப்பாங்க. இன்னொரு அறை திறக்காதுன்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

அப்போ எதுக்கு வாங்கணும்? என் பதில் இதுதான். மோர்கன் டாலர் அவ்வளவும் வெள்ளியோட விலையைத் தாங்கிப் பிடிக்க அடிச்சது. அதுல கிட்டத்தட்ட ஐந்துல இரண்டு பங்கு, இன்னொரு நாட்டுல காகிதத்தின் வாக்குறுதியைக் காப்பாத்த உருகிச்சு. நம்ம கையில வர்ற ஒவ்வொண்ணும் அந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவுல தப்பிச்ச காசு. அந்தக் கதை தெரிஞ்சா 1921 காசே போதும்.

வீட்டுல பழைய வெள்ளி ரூபாய் இருந்தா, இந்த வாரம் எடுத்து வருஷத்தைப் பாருங்க. 1918, 1919 இருந்தா எனக்கு எழுதுங்க. தேய்க்காம போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.